பி-ஆறில் தேனீ வளர்க்கிறார்களாம்

தங்கபுஷ்பத்தின் கோபம் பால் பாக்கெட் மாதிரி. விடிந்ததும் புதிதாக வந்து வாசலில் கிடக்கும். பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும். மறுநாளைக்கு மிச்சம் வைக்கிற பழக்கம் கிடையாது. லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம், கால் வைக்க இடமில்லாத பஸ்ஸில் 'உள்ள போ, உள்ள போ' என்கிற கண்டக்டர், மெரூன் புடவையைக் கொண்டுவந்து 'இது மெரூன் இல்லீங்க, ஒயின்' என்று அடம்பிடிக்கிற வாடிக்கைக்காரி, எல்லாருக்கும் அன்றன்றைக்கு உண்டானது அன்றன்றைக்கே கிடைத்துவிடும்.

இந்த வருஷம் மட்டும் தை மாதம் வந்த கோபம் பங்குனி வரை தீரவில்லை. காரணம் ஒரு சுவர்.

மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, நாற்பது வயதான ஓர் அடுக்ககம். லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் பி-ஆறு. தங்கபுஷ்பமும் அவள் புருஷன் ராஜரத்தினமும் பத்தொன்பது வருஷமாக அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தி.நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நாலடி அகலக் கடை. லைனிங் துணி, ஃபால்ஸ், மேட்சிங் பிளவுஸ் பிட். ஒருத்தர் உள்ளே போனால் இன்னொருத்தர் வெளியே வரவேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்கும்போதே ராஜரத்தினம் சரிந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சில் முக்கால்வாசி போயிற்று. அதுவரைக்கும் கல்லாப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத தங்கபுஷ்பம், மறுவாரமே போய் உட்கார்ந்தாள். முதல் நாளே மயில்கழுத்துப் புடவைக்கு வெறும் பச்சையைக் கிழித்துக் கொடுத்துவிட்டாள். வாங்கினவள் திரும்பி வந்து கத்த, இவள் அதைவிடப் பெரிதாகக் கத்த, கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதார்கள். அந்தப் பெண் இன்றைக்கும் அவளிடம்தான் வாங்குகிறாள்.

காலையில் புருஷனுக்கு உடம்பு துடைத்து, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு, இடது கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர், எவர்சில்வர் டம்ளர், போன் எல்லாம் வைத்துவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புவாள். மூன்று மணிக்குத் திரும்பிவிடுவாள். அப்புறம் கடை, வேலைக்கு இருக்கிற தபஸ்ஸும் என்ற பெண்ணின் பொறுப்பு. நடுவில் அந்த ஐந்து மணி நேரம் ராஜரத்தினம் தனியாக, முன் அறைக் கட்டிலில், வெளிச்சுவரை ஒட்டிப் படுத்திருப்பார்.

அந்தச் சுவரில்தான் ஓட்டை. எந்தக் காலத்திலோ ஜன்னல் ஏசி மாட்டியிருந்த சதுரம். ஏசியைக் கழற்றினவர்கள் உள்பக்கம் ஒரு பிளைவுட் பலகை, வெளிப்பக்கம் ஒரு தகரம் என்று அடித்து மூடிவிட்டார்கள். நடுவில் ஒன்பது அங்குலம் காலி. மயிலாப்பூரில் அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தால் யார் விடுவார்கள்? தை மாதத்தில் ஒரு நாள் தகரத்தின் இடுக்கு வழியாகத் தேனீக்கள் குடிவந்தன.

முதலில் ஒரு முனகல்தான் கேட்டது. தங்கபுஷ்பம் அதை ஃபிரிட்ஜ் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திட்டினாள். ராஜரத்தினத்துக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. இடது உள்ளங்கையைப் பலகையில் வைத்தபடி, "சூடா... இருக்கு" என்றார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. அவள் சாயங்காலம் கடைக்கதை சொல்ல ஆரம்பித்தால் ஒரு விரலைத் தூக்குவார். "ச்சூ..."

"என்னைய வாய மூடச் சொல்லுதியளா? சுவரு பேசுதத கேக்கணுமாக்கும்!"

அவர் விரலை இறக்கவில்லை.

அவளுக்கு உள்ளே வேறு பயம். அந்தக் கூட்டம் ஒரு நாள் இந்தப் பக்கம் வந்துவிட்டால்? எழுந்து ஓடக்கூடிய மனுஷனா அவர்? எப்படியாவது தேனீயை வெளியேற்றியாக வேண்டும். வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார். போன் போட்டாள். "உள்பக்கப் பலகைதான்மா என் பொறுப்பு, வெளிச்சுவர் அசோசியேஷனுடையது" என்றார். அசோசியேஷனில் கேட்டால், வெளிப்பூச்சு மட்டும்தான் பொது, ஓட்டைக்குள் இருப்பது வீட்டைச் சேர்ந்தது என்றார்கள். தேனீயோ பலகையிலும் இல்லை, பூச்சிலும் இல்லை. நடுவில் இருந்தது. அந்த ஒன்பது அங்குலத்துக்கு உலகத்தில் சொந்தக்காரனே கிடையாது.

பூச்சிமருந்து அடிக்கிற இரண்டு பேர் முதுகில் டப்பாவோடு வந்தார்கள். கட்டிலைப் பார்த்துவிட்டு, "பேஷண்ட்ட வேற எங்கியாச்சும் மாத்திருங்க. மருந்து அடிச்சா ரூமை மூணு நாள் பூட்டி வைக்கணும்" என்றார்கள்.

"எங்க மாத்த? நாலு ஆளு தூக்கணும், ரெண்டு மாடி இறக்கணும். உங்க வீட்டுல வச்சிக்கிடுதியளா?"

அவர்கள் சிரித்தார்கள். அதுதான் தப்பாய்ப் போயிற்று.

"செத்த தேனீயெல்லாம் சுவத்துக்குள்ள அழுகி, தேன் ஒழுகி, எறும்பு வந்து அவரு மேல ஏறும். அதுக்கு அடுத்த மாசம் எறும்பு மருந்தோட வருவிய. நல்ல சோலிதான். எடுங்க டப்பாவ!"

இதற்கு அடுத்த நாள்தான் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் அந்த அறிவிப்பு வந்தது. குடியிருப்பு வளாகத்தில் தேனீ வளர்ப்பதற்கு அனுமதி இல்லை, பி-ஆறில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். போட்டவர் செக்ரட்டரி விஜயராகவன். பக்கத்து பி-ஐந்து. பாங்கில் ஆபீஸராக இருந்து ரிடையர் ஆனவர். மாடிப்படியில் செருப்பு விடுவதற்கே மூன்று சுற்றறிக்கை விட்டவர்.

தங்கபுஷ்பம் அவரை மாடிப்படியிலேயே மறித்தாள்.

"ஏன் சார், நான் தேனீ வளக்கேனா?"

"நான் அப்படி எங்க சொன்னேன்? பொதுவான்னா போட்டிருக்கேன்."

"பி-ஆறுன்னு போட்டிருக்கே?"

"அது ஒரு அடையாளத்துக்கு."

"நாளைக்கு உங்க பால்கனியில காக்கா உக்காந்தா, பி-அஞ்சுல காக்கா வளக்காவன்னு நானும் அடையாளத்துக்குப் போடட்டா?"

"கோவிச்சுக்கப்படாது. உங்க ஊர்ப் பக்கமெல்லாம் தேன், கருப்பட்டின்னு ஒரு பழக்கம் உண்டோன்னோ... நான் சொல்லலை, மத்தவா சொல்றா."

"எங்க ஊருல தேனு கடையில விக்கும் சார். பாட்டில்ல."

விஜயராகவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். விஷயம் வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பெண் மதுவந்தியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பி-ஐந்தின் பால்கனியிலிருந்து கையை நீட்டினால் அந்தத் தகரம். வருகிறவர்கள் காப்பியும் கையுமாக பால்கனியில் நிற்கும்போது தேனீ பறந்தால் நன்றாக இருக்குமா? "எனக்கும் ஒரு கஷ்டம் இருக்கில்லையா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அவர் செக்ரட்டரி இல்லை, பெண்ணைப் பெற்றவர். தங்கபுஷ்பத்துக்கும் அது புரிந்தது. புரிந்ததில் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது.

வழி கிடைத்தது எதிர்க் கட்டடத்தில். அங்கே கயிற்றில் தொங்கியபடி சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான் கபாலி. இவள் ஜன்னல் வழியாகக் கூப்பிட, வேலை முடிந்து வந்தான். பலகையில் காதை வைத்தான்.

"இன்னாமா, பூச்சி வூடு கட்டிக்கீது."

"அது தெரியாமலா உன்னக் கூப்பிட்டேன்?"

"பொந்துத் தேனீமா இது. சாதுவான பூச்சி. நீ அத்த நோண்டாத, அது உன்ன நோண்டாது." கட்டிலில் இருந்தவரைப் பார்த்தான். "நைனாவுக்கு நல்ல துணை போலகீது?"

ராஜரத்தினம் தலையை ஆட்டினார்.

"துணையாம் துணை! உசுரோட எடுக்க முடியுமா, அதச் சொல்லு."

"எத்தினியோ எட்த்துக்கீறேன். ஆனா பகல்ல வேணாம். பாதிப் பேரு வேலைக்குப் போயிருப்பான். அந்த நேரத்துல வூட்டத் தூக்கினா, வேலைக்குப் போனவன் வந்து எங்க நிப்பான்? பொழுது சாஞ்சு அல்லாரும் வூடு வந்து சேரணும். மொத்தமா பெட்டில வச்சி எடுத்துனு போய்டலாம். அடையாறுல ஒருத்தர் தோட்டம்கீது, அங்க வுட்ருவேன். சனிக்கெழம சாயங்காலம் வரேன்."

தங்கபுஷ்பம் இதைப் போய் விஜயராகவனிடம் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும். அவர் தலையாட்டினார். உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். சனிக்கிழமை கரிநாள். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள், கரிநாளில், பக்கத்துச் சுவரை உடைத்து ஒரு குடும்பத்தையே கிளப்புவதா? தேனீயானாலும் குடும்பம் குடும்பம்தானே. வெள்ளிக்கிழமையே முடித்துவிடலாம் என்று தீர்மானித்தார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். ஆகவே பன்னிரண்டு ஐந்துக்கு ஒரு கொத்தனார் வந்தார். கலவை குழைத்தார். பால்கனியிலிருந்து கையை நீட்டித் தகரத்தின் இடுக்கையெல்லாம் மெழுகிவிட்டுப் போனார்.

நல்ல நேரம்தான். விஜயராகவனுக்கு. தேனீயின் பஞ்சாங்கத்தில் பன்னிரண்டு ஐந்துக்குப் பாதிப் பேர் வேலைக்குப் போயிருக்கிற நேரம். வழியை அடைத்துவிட்டால் தேனீ என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பாங்கில் இருந்தவர். கவுண்டரை மூடினால் கூட்டம் கலைந்துபோகும் என்பது அவர் அனுபவம்.

கூட்டம் கலையவில்லை. வேறு கவுண்டரைத் தேடியது. உள்பக்கப் பலகையின் ஓரத்தில், காலண்டருக்குப் பின்னால், விரல் நுழைகிற ஓர் இடைவெளி இருந்தது. அதில் வெளிச்சம் தெரிந்தது.

ஒரு மணி இருக்கும், கடையில் போன் அடித்தது.

"ஆன்ட்டி, நான் மதுவந்தி. அங்கிள் சுவத்த எதையோ வச்சு இடிச்சுண்டே இருக்கார். கதவு பூட்டியிருக்கு. அப்பா... அப்பா வெளியில அந்த ஓட்டைய சிமெண்ட் போட்டு அடைச்சுட்டார் ஆன்ட்டி. எனக்கு இப்பதான் தெரியும்."

தங்கபுஷ்பம் கத்தவில்லை. கையில் இருந்த லைனிங் துணியை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். அதைப் பார்த்துத்தான் தபஸ்ஸும் பயந்துபோனாள். "அக்கா சத்தமே போடாம போறாங்க" என்று பக்கத்துக் கடையில் சொன்னாளாம்.

ஆட்டோக்காரர் பனகல் பார்க்கைச் சுற்றினார். பள்ளம், தகரத் தடுப்பு, மறுபடியும் பள்ளம். வேறொரு நாளாக இருந்தால் அந்த மனுஷருக்கு அவர் பரம்பரையைப் பற்றியே சந்தேகம் வரும்படி பேசியிருப்பாள். இப்போது பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறையத் தண்ணீர் பிடித்த குடத்தைச் சிந்தாமல் தூக்கிப் போகிறவள் மாதிரி.

இரண்டு மாடி ஏறி, சாவி போட்டுக் கதவைத் திறந்தாள்.

ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தேனீ. வெளிச்சத்தைப் பார்த்து முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தன. விசிறியில், காலண்டரில், போனின் மேல் எல்லாம் தேனீ. கட்டிலில் போர்வை தலை வரை மூடிக் கிடந்தது. ஓரத்தில் ஒரு கை மட்டும் வெளியே. அந்தக் கை எவர்சில்வர் டம்ளரால் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. டொக். டொக்.

"ஏங்க."

டம்ளர் நின்றது. போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வராத... புஷ்பம். வெளிய... போ."

ஒரு காலும் கையும் விளங்காத மனுஷன், தேனீக்கு நடுவில் படுத்துக்கொண்டு, இவளை வெளியே போகச் சொல்கிறார்! தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது.

முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். கண்ணாடியில் மொய்த்திருந்தவை குபுகுபுவென்று வெளியே போயின. காலண்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பையில் இருந்த லைனிங் துணியைப் பலகையின் இடைவெளியில் திணித்தாள். இரண்டு மூன்று கொட்டு விழுந்தது. இப்போது உள்ளே இருப்பவற்றுக்கு இரண்டு பக்கமும் வழியில்லை. துணி எவ்வளவு நேரம் தாங்கும்? அந்தச் சிமெண்டை எடுத்தாக வேண்டும். சமையலறைக்குள் போய்க் கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். கிடைத்தது தோசைத் திருப்பி.

பி-ஐந்தின் கதவு திறந்துதான் இருந்தது. மதுவந்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விஜயராகவன் சாப்பிட்ட களைப்பில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தங்கபுஷ்பம் நேராகக் கூடத்துக்குள் நடந்தாள்.

"செருப்பு! செருப்பு!" என்று எழுந்தார் அவர்.

"ஆமா, செருப்புதான். கால்ல கிடக்க வரைக்கும் சந்தோசப்பட்டுக்கிடுங்க."

பால்கனியில் வேலைக்குப் போய்த் திரும்பிய தேனீக்கள் சாம்பல் நிறச் சிமெண்டின் மேல் கொத்தாக அப்பிக்கொண்டு தவித்தன. தங்கபுஷ்பம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கையை நீட்டினாள். மதுவந்தி ஓடிவந்து துப்பட்டாவால் தன் தலையை மூடிக்கொண்டு, தங்கபுஷ்பம் விழுந்துவிடாமல் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சிமெண்ட் இன்னும் காயவில்லை. அடிப்பிடித்த உப்புமாவைச் சுரண்டுகிற மாதிரி சுரண்டினாள். கையில் கொட்டியது, கன்னத்தில் கொட்டியது, கண் இமையில் கொட்டியது. சுரண்டிக்கொண்டே இருந்தாள். இடுக்கு தெரிந்தது. தேனீக்கள் அவளை விட்டுவிட்டன. தொலைந்த சாவி கிடைத்தவர்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே நுழைந்தன.

திரும்பினாள். விஜயராகவன் பால்கனிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"எந்திரிச்சு ஓட முடியாதவரு அங்க படுத்திருக்காரு. உங்களுக்குத் தெரியும்."

"உள்பக்கம் வழி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

"கேக்கணும். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்குன்னா, கதவத் தட்டிக் கேக்கணும். பஞ்சாங்கத்தக் கேட்டிய, கொத்தனாரக் கேட்டிய. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா? நோட்டீஸ் போட மட்டும் பி-ஆறு ஞாபகம் வருதுல்லா?"



"தப்பு உன்னோடதுதான்ப்பா" என்றாள் மதுவந்தி. அவள் மேலுதட்டில் ஒரு கொட்டு. பேசும்போதே வீங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது வடியப்போவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. மதுவந்தி மட்டும் அதற்காக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

தெருமுனை டாக்டர் வந்து ராஜரத்தினத்துக்கு ஊசி போட்டார். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சையும் நாடியையும் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். ஐந்து கொட்டு. கொடுக்குகளைத் தங்கபுஷ்பம் ஆதார் அட்டையின் ஓரத்தால் சுரண்டி எடுத்தாள். பத்து இடத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தும் ஒரு காரியத்துக்கும் உதவாத அட்டை, அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது.

போன் போனதும் கபாலி அன்றைக்கே பொழுது சாய வந்துவிட்டான். மரப்பெட்டி, கத்தி, வைக்கோல் புகை. "சிமெண்ட் வச்சி அடச்சாங்களா? இன்னா மன்சங்கய்யா! ஒருத்தன் வூட்டுக்குள்ள கீறப்பவே வாசலுக்குக் கலவை பூசுவியா?" என்று அவன் பங்குக்குத் திட்டினான். கட்டிலைத் தள்ளிப்போட்டுக் கொசுவலை கட்டினார்கள். "வேற ரூமுக்கு..." என்று தங்கபுஷ்பம் ஆரம்பித்தாள். ராஜரத்தினம் விரலைத் தூக்கினார். அவர் பார்க்க வேண்டுமாம்.

பெரிய விளக்கு வேண்டாம், டார்ச்சில் சிவப்புத் துணி கட்டி யாராவது பிடிக்க வேண்டும் என்றான் கபாலி. வாசலில் ஓர் இருமல் கேட்டது. விஜயராகவன். வெறுங்காலோடு நின்றார். யாரும் கூப்பிடவில்லை. வந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரம் நின்றபடியே பிடித்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. தங்கபுஷ்பம் நிச்சயமாகச் சொல்லவில்லை.

பலகை கழன்றது. ஏழு அடைகள், புத்தகம் அடுக்கின மாதிரி. அவற்றின் மேல் தேனீக்கள் பழுப்புக் கம்பளி போலப் போர்த்திக்கொண்டிருந்தன. கபாலி ஒவ்வொன்றாக அறுத்து, லைனிங் துணியைக் கிழித்துச் சட்டத்தில் கட்டி, பெட்டிக்குள் இறக்கினான். "அதோ பார், ராணி பூந்துட்சி. இனிமே அல்லாம் தானா பின்னால போவும்" என்றான். போயின. வரிசையாக, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி இல்லாமல், ஒழுங்காக. கபாலி விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேனை எடுத்து, "நைனா, உன் வாடகை" என்று வலைக்குள் நீட்டினான். "சர்க்கரை இருக்கு அவருக்கு!" என்று தங்கபுஷ்பம் சொல்லி முடிப்பதற்குள் ராஜரத்தினம் நக்கிவிட்டார்.

பெட்டி போயிற்று. கபாலி போனான். விஜயராகவன் டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கார்த்தால ஆள் அனுப்பறேன், அந்த ஓட்டையை ஒழுங்கா மூட" என்றார். "கேட்டுட்டு அனுப்புங்க" என்றாள் அவள். "கேட்டுண்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவரில் இப்போது சதுரமாக ஓர் இருட்டு. அதன் வழியாகத் தெருச் சத்தம் வந்தது. ராஜரத்தினம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தார். இடது கையைத் தூக்கி, வைக்க இடமில்லாமல் திரும்பப் போர்வை மேலேயே வைத்துக்கொண்டார்.

தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். பார்க்கவே ஆத்திரமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அஞ்சு கொட்டு வாங்கியும் புத்தி வரல. இன்னும் அது போயிட்டுதேன்னு கவல. உசுரு போயிருந்தா நான் என்ன செய்யட்டும்? என்னைய வெளிய போகச் சொல்லுதிய! யாரு யார வெளிய போகச் சொல்லுதது? வாடகை குடுக்கது நானு!"

அவர் மெதுவாக, இடது முழங்கையை ஊன்றி, அவள் பக்கம் திரும்பினார். அதற்கு இரண்டு நிமிஷம் பிடித்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. கன்னம் மெதுவடை மாதிரி உப்பியிருந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, அவர் உதடு மூன்று வருஷமாக இருக்கிற மாதிரியே இருந்தது.

ராஜரத்தினம் சிரித்தார். முதலில் மூக்கில் ஒரு சத்தம். அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் கட்டிலே குலுங்கியது.

"என்ன சிரிப்பு? எதுக்கு இப்போ சிரிப்பு?"

அவர் விரலை நீட்டி அவள் கன்னத்தைக் காட்டினார். "வட..." என்றார். மறுபடியும் சிரித்தார்.

"வெக்கமா இல்ல? உங்களுக்காகத்தானய்யா வாங்கினேன் இத! சிரிக்காதிய. சிரிக்காதியன்னு சொல்லுதேன்லா!"

அவர் நிறுத்தவில்லை. அவள் குரல் ஏற ஏற அவருக்குச் சிரிப்பு அதிகமாயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று வருஷமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. தான் திட்டுவதை நிறுத்திவிட்டால் அதுவும் நின்றுவிடும் என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது. அதனால் மூச்சை இழுத்துக்கொண்டு, பெங்களூர் வீட்டுக்காரரிலிருந்து ஆரம்பித்து, பூச்சிமருந்து டப்பாக்காரர்கள், வாட்ஸ்அப், கரிநாள், கொத்தனார், பனகல் பார்க்கைச் சுற்றிய ஆட்டோக்காரர் வரைக்கும் ஒருத்தரையும் விடாமல், முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.